கடிதமும் கொடையும்: 'கிளவுஸ்' திரைப்படம் குறித்து ஒரு நோக்கு

சிறுவர்க்கென ஆக்கப்படும் படைப்புகளைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகக் குறைவு. நாவலொன்று வெளிவந்தால் அதன் உள்ளடக்கம் யாது, உருவம் யாது, எவ்வர்க்கத்தின் பார்வையில் அது எழுதப்பட்டது என்றெல்லாம் வாதிடுகிறோம். ஆனால், பத்து வயதுப் பிள்ளை கண்கொட்டாது பார்த்திருக்கும் திரைப்படத்தைப் 'பிள்ளைகளின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்வொதுக்கல் நியாயமானதன்று. நல்லவர் யார், தீயவர் யார், கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பன பற்றிய முதற் கருத்துகளைப் பிள்ளை பாடநூலிலிருந்து பெறுவதில்லை, கதையிலிருந்தே பெறுகிறது. பாடநூல் பின்னர் வந்து சேர்கிறது. அப்பொழுது கதை ஏற்கெனவே தன் வேலையைச் செய்து முடித்திருக்கும்.

நத்தார் காலத்தில் பரிசளிக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று என்பதைக் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து பார்க்கத்தக்க கதையாகச் சொல்லும் படம் 'கிளவுஸ்'. ஸ்பானிய நெறியாளர் ஸேர்ஜியோ பப்லோஸ், மட்ரிட் நகரிலுள்ள தமது கலையகத்தில் ஆக்கிய இச்சித்திரப்படம் 2019 நவம்பரில் வெளியாயிற்று. நெற்பிளிக்ஸ் நிறுவனத்தின் முதலாவது சொந்த நெடுஞ்சித்திரப்படமும் இதுவே. 2020இல் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் சிறந்த சித்திரப்படத்துக்கான பரிசைப் பெற்றது; அதே ஆண்டு ஓஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது. மார்கழி பிறந்தால் வீடுகளிலும் பாடசாலைகளிலும் இது மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. ஆதலின் இதைப் பற்றி ஆராய்வது காலங்கடந்த முயற்சியன்று.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு பிள்ளையின் கேள்வி. தவணை இறுதியில் ஆறாந்தர மாணவர்க்கு இப்படத்தைக் காட்டினோம். படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி, "எழுதத் தெரியாத பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடையாதா, சேர்?" என்று கேட்டாள். ஆறாந்தரத்துக்கு வந்தும் தன் பெயருக்கு மேல் எழுதத் தடுமாறும் பிள்ளை அவள். கேள்வி வேடிக்கையானதென மற்றவர் சிரித்தனர். நாமோ சிரிக்கவில்லை. படத்தின் உயிர்நிலையை அவள் தொட்டுவிட்டாள் என்றே நமக்குத் தோன்றிற்று.

கதையைச் சுருங்கக் கூறுவோம். அரச தபால் துறைத் தலைவரின் மகன் ஜெஸ்பர். செல்வத்தில் திளைத்து, உழைப்பு இன்னதென்றே அறியாது வளர்ந்தவன். அவனைத் திருத்தக் கருதிய தந்தை, வடதுருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள ஸ்மீரன்ஸ்பேர்க் என்னும் தீவூருக்குத் தபால்காரனாக அனுப்புகிறார். ஓராண்டுக்குள் 6,000 கடிதங்கள் அவன் கைவழிச் செல்லவேண்டும். தவறினால் குடும்பச் சொத்தில் அவனுக்குப் பங்கில்லை. அவ்வூரிலோ எவரும் எவருக்கும் கடிதம் எழுதுவதில்லை. குரும், எல்லிங்போ என்னும் இரு குலத்தார் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் தாக்கி வாழ்கின்றனர். ஊருக்கு வெளியே காட்டோரத்தில் கிளவுஸ் என்னும் விறகுவெட்டி தனியே வாழ்கிறான். தமக்குப் பிறக்குமென நம்பிய பிள்ளைகளுக்காக அவனும் அவன் மனைவி லிடியாவும் செய்துவைத்த விளையாட்டுப் பொருள்கள் அவனது குடிலில் நிறைந்து கிடக்கின்றன. பிள்ளைகள் பிறக்கவில்லை, மனைவியும் இறந்துபோனாள். வீட்டுக்குள் அடைபட்டிருந்த சிறுவன் ஒருவன் வரைந்த படம் தற்செயலாகக் கிளவுஸின் கையை அடைகிறது. அவன் அச்சிறுவனுக்கு ஒரு பொம்மையைக் கொடுத்தனுப்புகிறான். செய்தி பரவுகிறது. கிளவுஸுக்குக் கடிதம் எழுதினால் பொம்மை கிடைக்கும் என்று ஜெஸ்பர் பிள்ளைகளை நம்பவைக்கிறான். அவனுக்கு வேண்டியது கடிதங்களின் தொகை. பிள்ளைகளுக்கு வேண்டியது பொம்மை. இவ்விரு தேவைகளும் சந்தித்த இடத்தில் நத்தார் தாத்தா பிறக்கிறார்.

இப்படத்தின் முதலாவது சிறப்பு இதுவே. நத்தார் தாத்தாவைப் பற்றிய படங்கள் பெரும்பாலும் தெய்வீக அற்புதத்திலிருந்து தொடங்குவன. இப்படமோ சம்பளத்திலிருந்தும் இலக்கிலிருந்தும் தொடங்குகிறது. கதாநாயகன் தொடக்கத்தில் நல்லவனல்லன். அவன் கொடைவள்ளலல்லன், கணக்கன். அற்புதங்கள் எனப்படுவன யாவற்றுக்கும் மண்ணில் காலூன்றிய காரணங்களைப் படம் காட்டுகிறது. கதவுகள் பூட்டிக் கிடந்தமையால் புகைபோக்கி வழியே இறங்க நேர்கிறது. ஒரு கணம் அந்தரத்தில் எழுந்த வண்டியைக் கண்ட சிறுவர், அது பறப்பதாகச் சொல்கின்றனர். ஒருவர் கண்டதை ஒன்பது பேர் பெருக்கிச் சொல்ல, ஐதிகம் உருவாகிறது. ஐதிகங்கள் வானிலிருந்து இறங்குவனவல்ல, மனிதரின் தேவையிலும் அச்சத்திலும் விருப்பத்திலும் முளைப்பன என்னும் உண்மையைப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் நாம் மிகுந்த பிரயாசையுடன் கற்றோம். அதனைப் பத்து வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே கற்க இப்படம் வழிசெய்கிறது. இது சிறு பணியன்று.

இரண்டாவது சிறப்பு இன்னும் ஆழமானது. மேலோட்டமாகப் பார்ப்பவர், பொம்மைகளே ஊரை மாற்றின என்பர். கூர்ந்து நோக்கின், ஊரை மாற்றியது பொம்மையன்று, கடிதமே என்பது புலப்படும். கடிதம் எழுத எழுத்து வேண்டும். எழுத்துக்குப் பாடசாலை வேண்டும். ஊரில் ஒரு பாடசாலை இருக்கிறது. ஆனால், பகைக் குலத்துப் பிள்ளையுடன் தம் பிள்ளை ஒரே வகுப்பில் அமர்வதை எவரும் விரும்பாமையால் அது மூடப்பட்டிருக்கிறது. ஆசிரியையான ஆல்வா அவ்வகுப்பறையையே மீன்கடையாக்கி, ஊரைவிட்டு வெளியேறுவதற்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறாள். கரும்பலகைக்கு முன்னால் மீன் வெட்டும் ஆசிரியையின் தோற்றம் நகைச்சுவைக்காக வரையப்பட்டதே. எனினும், கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நம்மால் அக்காட்சியை நெஞ்சு கனக்காமல் பார்க்க முடியவில்லை. பொம்மை வேண்டுமாயின் எழுதக் கற்கவேண்டும் என்றறிந்த பிள்ளைகள் ஒருநாள் கூட்டமாக வந்து அவள் கதவைத் தட்டுகின்றனர். முதலில் சினக்கும் ஆல்வா, பின்னர் தான் சேர்த்துவைத்த பணத்தையெல்லாம் பாடசாலையைச் சீர்ப்படுத்தச் செலவிடுகிறாள். படத்தின் மிகப் பெரிய கொடை இதுவேயென்பது எமது கருத்து. கிளவுஸ் கொடுத்தது கடந்தகாலத்தில் செய்துவைத்த பொருளை. ஆல்வா கொடுத்ததோ தன் எதிர்காலத்தை. அவளது பெயரால் எந்த நாட்டிலும் எந்த விழாவும் கொண்டாடப்படுவதில்லை.

ஒரே வாங்கில் அமர்வதை மறுக்கும் ஊர் நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் ஏனையோருடன் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்ற விதி வந்தபொழுது பாடசாலைகள் எரியூட்டப்பட்டமை வரலாறு. ஆயினும், இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தவறு. ஸ்மீரன்ஸ்பேர்க்கில் பகைத்துநிற்பவை வலிமையில் நிகரான இரு குலங்கள். சாதிக் கொடுமையோ, நிகரானவர் இருவரின் சண்டையன்று. ஒருவன் தோளின்மேல் மற்றவன் ஏறி நிற்கும் நிலை. சண்டைக்காரர் இருவரும் கைகுலுக்கினால் சண்டை முடியும். தோளில் ஏறியிருப்பவன் இறங்காமல் கைமட்டும் குலுக்கினால் எதுவும் முடியாது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு நாம் எடுத்துக்கூறுதல் வேண்டும்.

இனி, சிறுமி கேட்ட கேள்விக்கு வருவோம். எழுதத் தெரியாத பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அதற்குப் படத்தில் ஒரு விடை உண்டு. மார்கு என்னும் சிறுமி வடஐரோப்பாவின் பழங்குடிகளான ஸாமி மக்களைச் சேர்ந்தவள். ஊரவரின் மொழி அவளுக்குத் தெரியாது. அவள் மீண்டும் மீண்டும் ஜெஸ்பரிடம் வந்து தன் மொழியில் ஏதோ சொல்கிறாள், அவனுக்கு விளங்கவில்லை. ஈற்றில் அவளை ஆல்வாவிடம் அழைத்துச் செல்கிறான். ஆசிரியையின் உதவியுடன் அவளது விருப்பம் கடிதமாகிறது. மார்குவுக்குக் குரல் கொடுத்தவர் ஒரு ஸாமிச் சிறுமியே. அவள் பேசுவதும் உண்மையான ஸாமி மொழியே. இக்காட்சியின் அருமையை உணர வரலாறு சற்று வேண்டும். நோர்வேயில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஸாமி மக்களை நோர்வேஜியராக்கும் கொள்கை நடைமுறையிலிருந்தது. அக்கொள்கையின் முதன்மைக் கருவியாயிருந்தது பாடசாலையே. பிள்ளைகள் விடுதிப் பாடசாலைகளில் தம் மொழியை இழந்தனர். இதனை ஆராய்ந்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2023இல் அறிக்கை சமர்ப்பித்தது. 2024 நவம்பரில் நோர்வே நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரிற்று. மொழியைப் பறித்த ஆசிரியரின் இடத்தில், மொழியைக் கேட்டு எழுதித்தரும் ஆசிரியையைப் படம் நிறுத்துகிறது. வரலாற்றில் நிகழ்ந்ததன்று இது, நிகழ்ந்திருக்கவேண்டியது. கலை இவ்வாறு வரலாற்றைத் திருத்தி எழுதும்பொழுது அது பொய்யாகாது, கண்டனமாகும்.

ஆனால், இவ்விடத்திலேயே படம் தடுமாறவும் தொடங்குகிறது. மார்குவுக்குப் பரிசு கிடைத்த பின்னர், அவளுடைய மக்கள் திரண்டு வந்து கிளவுஸின் பட்டறையில் வேலை செய்கின்றனர். பொம்மைகள் செய்கின்றனர், கிளவுஸின் சிவப்பு ஆடையும் அவர்களுடைய கைவண்ணமே. ஒரு பிள்ளைக்கு அளித்த ஒரு பரிசுக்கு ஈடாக ஓரினமே உழைப்பைத் தருகிறது. அவ்வுழைப்பின் விளைவு எவர் பெயரால் வழங்கப்படுகிறது? கிளவுஸின் பெயரால். பழைய கதைகளில் நத்தார் தாத்தாவின் பட்டறையில் ஓயாது உழைப்பவர்கள் கூலி கேட்காத, களைப்பறியாத குட்டித் தேவதைகள். இப்படம் அத்தேவதைகளை நீக்கி, அவ்விடத்தில் மனிதரை வைத்தது. அதற்காக நெறியாளரைப் பாராட்டுவோம். ஆனால், மனிதரை வைத்த பின்னரும் கூலியைப் பற்றிய கேள்வி எழவில்லை. அன்பு என்ற ஒரே சொல்லால் அது மூடப்படுகிறது.

அடுத்து, ஊரின் பகையை நோக்குவோம். ஏன் இவ்விரு குலங்களும் பகைக்கின்றன? பழைமையான வழக்கம், முன்னோர் செய்தது என்பதற்கு மேல் விடையில்லை. நிலத்துக்காகவா, மீன்பிடி உரிமைக்காகவா, துறைமுகத்துக்காகவா என்று படம் சொல்வதில்லை. மக்கள் எதைச் செய்து பிழைக்கின்றனர் என்பதே தெளிவாகக் காட்டப்படவில்லை. இங்கு ஊரின் பெயர் நம் கவனத்துக்குரியது. வடதுருவத்தை அண்டிய ஸ்வால்பார் தீவுக்கூட்டத்தில், பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தத் திமிங்கில வேட்டைக்காரர் அமைத்த குடியிருப்பின் பெயர் ஸ்மீரன்பேர்க். திமிங்கிலக் கொழுப்பை உருக்கி எண்ணெயாக்கும் அடுப்புகள் அங்கே எரிந்தன. 'கொழுப்பு நகரம்' என்பதே அப்பெயரின் பொருள். திமிங்கிலங்கள் அருகியதும் அவ்வூரும் அழிந்தது. அப்பெயரை ஓரெழுத்து மாற்றி எடுத்துக்கொண்ட படம், அப்பெயருக்குள் கிடந்த உழைப்பையும் வணிகத்தையும் வெளியே விட்டுவிட்டது. பொருளாதார வேரற்ற பகையைச் சித்திரிப்பதனால்தான், ஒரு கூடைப் பழத்தாலும் ஒரு புன்னகையாலும் அதனை அகற்றிவிட முடிகிறது.

எனினும், ஒரு காட்சியில் படம் தன்னையறியாமலே பேருண்மையொன்றைத் தொட்டுவிடுகிறது. ஊர் மக்கள் சண்டையை மறந்து கலந்து பழகத் தொடங்கியதும், இரு குலங்களின் மூத்தோரும் இரகசியமாகக் கூடுகின்றனர். ஒருவரையொருவர் வெறுப்பதையே தொழிலாகக் கொண்ட அவர்கள், அவ்வெறுப்பைக் காப்பாற்றுவதற்காக ஒன்றுசேர்கின்றனர். ஜெஸ்பரின் கடித இலக்கைத் தாமே கபடமாக நிறைவேற்றி, அவன் தந்தையை வரவழைத்து, அவன் சுயநலத்தை வெளிப்படுத்துகின்றனர். மக்கள் பிரிந்திருப்பதால் நன்மையடைவோர், மக்கள் ஒன்றுபடும் வேளையில் தாமும் ஒன்றுபடுவர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சிறுவர் படம் காட்டியிருக்கிறது என்று நாமறியோம். ஆனால், அப்பிரிவினால் அவர்கள் அடைந்த நன்மை யாது என்பதை மட்டும் படம் கூறாமல் விடுகிறது. அதனால் அவர்கள் வெறும் பிடிவாதக்காரராகவே எஞ்சுகின்றனர்.

நாம் வன்மையாக மறுக்கவேண்டிய கருத்தொன்றும் படத்தில் உண்டு. தன்னைத் துன்புறுத்திய சிறுவனுக்குப் பாடம் புகட்ட எண்ணி, நல்ல பிள்ளைகளுக்கே பரிசு, கெட்ட பிள்ளைகளை கிளவுஸ் அறிவார் என்று ஜெஸ்பர் சொல்லிவைக்கிறான். அன்று தொடக்கம் பிள்ளைகள் அயலவருக்கு நன்மை செய்யத் தலைப்படுகின்றனர். நன்மை நன்மையைப் பிறப்பிக்கிறது, பகை தளர்கிறது. ஆசைக்காகச் செய்த செயல் நாளடைவில் பண்பாகிறது என்பது படத்தின் வாதம். இதில் உளவியல் உண்மை இருக்கலாம். ஆனால், இக்கதை ஊரெல்லையைத் தாண்டி உலகெங்கும் பரவும்பொழுது நிகழ்வது என்ன? நல்ல பிள்ளைக்குப் பரிசு கிடைக்குமாயின், பரிசு கிடைக்காத பிள்ளை நல்ல பிள்ளையன்று என்பதே அதன் மறுபக்கம். பணக்கார வீட்டுப் பிள்ளையின் கட்டிலருகே விலையுயர்ந்த பொருள்கள் குவிகின்றன. கூலிக்காரனின் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தந்தையின் வருமானத்தில் உள்ள வேறுபாடு பிள்ளையின் ஒழுக்கத்தில் உள்ள வேறுபாடாகத் தோற்றம் பெறுகிறது. வறுமையைத் தன் குற்றமென நம்பும்படி ஒரு குழந்தையைப் பழக்குதல் கொடுமையிலும் கொடுமை. 'நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை' என்னும் பட்டியல் ஒரு தபால்காரனின் கோபத்தில் பிறந்தது என்று காட்டும் அளவுக்குப் படம் நேர்மையானது. அப்பட்டியலைக் கிழித்தெறியும் துணிவு அதற்கு வரவில்லை.

நத்தார் கொடையின் உண்மையான வரலாறு படத்தின் கதையினின்றும் பெரிதும் வேறுபட்டது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையிலிருந்த மைரா நகரின் ஆயராக விளங்கியவர் புனித நிக்கலஸ். அவரைப் பற்றிய புகழ்பெற்ற ஐதிகம் இது: வறிய தந்தை ஒருவனுக்கு மூன்று பெண் மக்கள். சீதனம் கொடுக்க வழியின்மையால் அவர்கள் விலைப்பட்டுப்போகும் நிலை. நிக்கலஸ் இரவில் மறைந்து வந்து வீட்டினுள் பொன்முடிப்புகளை எறிந்து அவர்களைக் காத்தார். உலகெங்கும் பிள்ளைகளை மகிழ்விக்கும் இவ்வழக்கத்தின் தொல்கதையில் இருப்பது விளையாட்டுப் பொருளன்று, சீதனம். இதன் கசப்பை நம் வாசகர்க்கு விளக்கவேண்டிய தேவையில்லை. மார்கழி 6ஆம் நாள் அவருக்குரிய திருநாளாயிற்று. ஒல்லாந்தர் அவரைச் 'சின்டர்கிளாஸ்' என அழைத்து, பிள்ளைகளுக்குப் பரிசளித்தனர்.

எல்லாக் கிறித்தவரும் இவ்விழாவை வரவேற்றனர் என்று கொள்ளுதலும் தவறு. 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் நத்தார் விழாவை ஒழித்தது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதிக்கும் சட்டம் இருந்தது. ஏன் இவ்வெறுப்பு? வேதநூலில் அதற்கு ஆதாரமில்லை என்பது ஒரு காரணம். மற்றையது, அவ்விழாவின் பழைய வடிவம். அறுவடை முடிந்து உணவும் பானமும் நிறைந்திருந்த அக்காலத்தில், ஏழைகளும் வேலையாட்களும் கூட்டமாகச் சென்று செல்வரின் கதவைத் தட்டி, உணவும் மதுவும் காசும் கேட்டனர். கேட்டது கிடைத்தால் வாழ்த்து. கிடைக்காவிடின் வசையும் கலகமும். அங்கே கொடை என்பது உரிமையுடன் கேட்டுப் பெறப்பட்டது. அமெரிக்க வரலாற்றறிஞர் ஸ்ரீபன் நிசென்போம் 1996இல் வெளியிட்ட ஆய்வு நூலில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க் நகரச் செல்வர் இவ்விழாவை எவ்வாறு மாற்றினர் என்பதை விரித்துரைத்துள்ளார். கூலித் தொழிலாளர் பெருகி, தெருக்கூட்டங்கள் அச்சமூட்டத் தொடங்கிய காலம் அது. செல்வர் தெருவிலிருந்த விழாவை வீட்டுக்குள் கொண்டுவந்தனர். கதவைத் தட்டிய ஏழையின் இடத்தில் கணப்படுப்பருகே உறங்கும் தம் சொந்தப் பிள்ளையை வைத்தனர். 1823இல் ட்ரோய் நகரப் பத்திரிகையொன்றில் பெயரின்றி வெளிவந்து, பின்னர் கிளெமென்ற் கிளார்க் மூர் என்னும் பேராசிரியரின் பெயரால் அறியப்பட்ட கவிதை, கலைமான் வண்டியில் வரும் நிக்கலஸின் உருவத்தை எங்கும் பரப்பிற்று. 1863 தொடக்கம் ஓவியர் தோமஸ் நாஸ்ற் பத்திரிகைகளில் அவருக்கு முகம் கொடுத்தார். உள்நாட்டுப் போர் நடந்த அவ்வாண்டில் வெளியான ஓவியத்தில், நத்தார் தாத்தா அமெரிக்கக் கொடியின் கோலத்தில் ஆடை புனைந்து வடபுலப் போர்வீரருக்குப் பரிசு வழங்குகிறார். 1931 முதல் கொக்கா கோலா நிறுவனத்தின் விளம்பரங்கள் அவ்வுருவத்தை மேலும் நிலைநாட்டின.

இவ்வரலாற்றின் சாரம் யாது? கொடையின் திசை மாறிற்று என்பதே. முன்னர் அது உள்ளவனிடமிருந்து இல்லாதவனுக்கு, அவன் கேட்டதனால், சென்றது. பின்னர் உள்ளவனிடமிருந்து உள்ளவனின் பிள்ளைக்கே சென்றது. ஏழைக்கு எஞ்சியது தருமம். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான தமது புகழ்பெற்ற ஆய்வில், தூய கொடை என ஒன்றில்லை என்று காட்டினார். கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் வளையங்கள். திருப்பிக் கொடுக்க இயலாதவன் தாழ்ந்துபோகிறான். 'கிளவுஸ்' படமோ, தன்னலமற்ற ஒரு செயல் இன்னொன்றைத் தூண்டும் என்பதைத் தன் தாரக மந்திரமாகக் கொண்டுள்ளது. ஆனால், படத்தின் நிகழ்ச்சிகள் அம்மந்திரத்தை மெய்ப்பிக்கவில்லை. ஜெஸ்பருக்குச் சொத்து வேண்டியிருந்தது; பிள்ளைகளுக்குப் பொம்மை வேண்டியிருந்தது. கொடையைத் தொடக்கிவைத்தவை தேவையும் கோரிக்கையுமே. பிள்ளைகள் கேட்டார்கள், கேட்பதற்காக எழுதக் கற்றார்கள். மந்திரத்தைவிட நிகழ்ச்சி உண்மையானது. படைப்பாளியின் போதனையிலும் பார்க்க அவனது கதை முற்போக்கானதாய் அமைந்துவிடுவது இலக்கியத்தில் பலமுறை கண்டதே.

உருவம் பற்றியும் ஓரிரு சொற்கள் கூறவேண்டும். அமெரிக்கப் பெருநிறுவனங்கள் கையால் வரையும் நெடுஞ்சித்திரப்படங்களைப் பெரும்பாலும் கைவிட்டிருந்த காலத்தில், பப்லோஸ் குழுவினர் அக்கலையையே தேர்ந்தனர். வரைந்த உருவங்களின்மீது ஒளியும் நிழலும் படியும் புதிய முறையைக் கையாண்டனர். தொடக்கத்தில் சாம்பல் நிறமாய் உறைந்து கிடக்கும் ஊர், பிள்ளைகள் தெருவுக்கு வரவர நிறம் பெறுகிறது. உள்ளடக்கமும் உருவமும் இசைந்து செல்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கைவினைஞனின் உழைப்பைப் போற்றும் கதை, கைவினையாலேயே சொல்லப்படுதலும் பொருத்தமானதே. எனினும், பயன்கருதாக் கொடையைப் போதிக்கும் இப்படம் மாதச் சந்தா செலுத்துவோரின் வீடுகளையே சென்றடைகிறது. இதற்குக் கலைஞரைக் குறைகூறுதல் முறையன்று. கலைஞரின் கொடையும் சந்தையின் வாயில் வழியே வரவேண்டியுள்ள சமுதாய அமைப்பே சிந்தனைக்குரியது.

படத்தின் முடிவில், ஆண்டுகள் சில கழிய, கிளவுஸ் காற்றோடு காற்றாய் மறைந்துபோகிறான். ஆயினும், ஆண்டுக்கொருமுறை வருகிறான். ஜெஸ்பர் அந்த இரவுக்காகக் காத்திருக்கிறான். காட்சி உருக்கமானது, நம் கண்களும் நனைந்தன. ஆனால், மண்ணிலிருந்து தொடங்கிய கதை ஈற்றில் காற்றில் கரைந்துவிட்டதே என்ற ஏக்கமும் எழுந்தது. புகைபோக்கிக்கும் வண்டிக்கும் காரணம் காட்டிய படம், இறுதியில் காரணமற்ற அற்புதத்திடம் அடைக்கலம் புகுகிறது. பட்டறையில் உழைத்தோர், பாடசாலையைத் திறந்தவள், கடிதங்களைச் சுமந்தவன் ஆகிய அனைவரும் பின்னிற்க, கொடை மீண்டும் மேலிருந்து இரவில் வந்திறங்கும் மர்மமாகிறது. மனோரதியப் போக்கு யதார்த்தத்தை இவ்வாறே விழுங்குகிறது.

இக்குறைகளினால் இப்படத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கவேண்டும் என்பது நம் கட்சியன்று. அவர்களுக்குக் காட்டவேண்டும், காட்டிய பின்னர் பேசவும் வேண்டும். பொம்மையைச் செய்தவர் யார்? அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பாடசாலை ஏன் மூடிக்கிடந்தது? அதைத் திறக்கத் தன் சேமிப்பை இழந்தவள் யார்? பரிசு கிடைக்காத பிள்ளை உண்மையில் கெட்ட பிள்ளையா? இக்கேள்விகளைக் கேட்கும் ஆசிரியர், நத்தாரின் மகிழ்ச்சியைக் கெடுப்பவராகமாட்டார். அம்மகிழ்ச்சியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு கேட்பவராவார்.

பின்வரிசைச் சிறுமிக்கு அன்று நாம் அளித்த விடை மார்குவின் கதையே. எழுதத் தெரியாத பிள்ளைக்காக வேறொருவர் எழுதித்தரலாம் என்றோம். அவள் சற்று யோசித்து, "மார்கு பிறகு எழுதப் பழகினவளா?" என்று கேட்டாள். படம் அதைக் காட்டவில்லை. விடுமுறை முடிந்து முதல் வாரம் தொடக்கம், பாடசாலை விட்ட பின்னர் அரைமணி நேரம் அவளும் இன்னும் நால்வரும் எம்மோடு இருந்து எழுதுகின்றனர்.